உள்ளே யாராவது இருக்கிறார்களா?

பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கட்டடம் பற்றி எரிகிறது. உள்ளே ஆள் இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். நீங்கள்தான் தீயணைப்பு அதிகாரி. உங்கள் ஆட்களை உள்ளே அனுப்புவீர்களா?

சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள்!

1999, டிசம்பர் 3. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரம். மாலை ஆறேகால் மணிவாக்கில், ஆறு மாடிக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் புகை கிளம்பியது. 1906-ல் கட்டி, பத்து வருடத்துக்கும் மேலாகக் காலியாகக் கிடந்த கட்டடம். குளிர் வெளியே போய்விடக் கூடாதே என்று சுவர்களில் தக்கை, தார், பிளாஸ்டிக் நுரை என அடுக்கடுக்காக அடைத்திருந்தார்கள். மேல் மாடிகளில் ஜன்னலே கிடையாது. தீக்கு இதைவிட நல்ல அடுப்பு வேண்டுமா?

வீடில்லாத இரண்டு பேர் அங்கே தங்குவதுண்டு என்று தகவல் வந்தது. வீரர்கள் தேடினார்கள். கரும்புகையில் இரண்டு வீரர்கள் வழி தவறினார்கள். ‘காற்று தீர்கிறது’ என்று ரேடியோவில் செய்தி. அவர்களைத் தேடிப் போனவர்களில் நான்கு பேர் திரும்பவே இல்லை.

இன்னும் பலர் படியேறத் துடித்தார்கள். மாவட்டத் தலைவர் மைக் மெக்னாமி மாடிப்படி வாசலை மறித்து நின்றுவிட்டார். இனி ஒருவரும் போகக் கூடாது! மேலே சிக்கியிருந்தது அவருடைய சொந்த ஆட்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடைசி உடல் கிடைக்க எட்டு நாள் ஆனது. இறந்த ஆறு பேருக்கும் சேர்த்து 17 பிள்ளைகள். அந்த இரண்டு பேர்? மெழுகுவத்தியைத் தட்டிவிட்டுத் தீப்பிடித்ததும், யாரிடமும் சொல்லாமல் முன்பே வெளியேறியிருந்தார்கள்!

பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் தலைவராக இருந்த ஆலன் புருனசினி இதற்கொரு கணக்கு வைத்திருந்தார். காப்பாற்றக்கூடிய உயிருக்காகப் பெரிய ஆபத்தை ஏற்கலாம். ஏற்கெனவே போய்விட்டதற்காக எதையும் பணயம் வைக்கக் கூடாது. நல்ல கணக்குதான். ஆனால், வரவு என்னவென்றே தெரியாமல் செலவை முடிவு செய்வது எப்படி? ‘காலி’ என்பது வெளியே நிற்பவர்களின் ஊகம்தானே!

என்னைக் கேட்டால், முதலில் உள்ளே போனதும் சரி, பிறகு மெக்னாமி தடுத்ததும் சரி. அன்று கையிலிருந்த தகவல் அவ்வளவுதான். தப்பு நடந்தது அதற்குப் பல வருடம் முன்னால்... அந்தக் கிடங்கை யார் வேண்டுமானாலும் நுழையும்படி அப்படியே விட்டுவைத்தபோது.

இன்று அமெரிக்காவின் பல ஊர்களில் ஆபத்தான பாழ் கட்டடங்களின் வாசலில் பெரிய எக்ஸ் குறி போட்டு வைக்கிறார்கள். தீப்பிடிப்பதற்கு முன்பே, நிதானமாக யோசித்துப் போடுகிற குறி அது.