நீரோ மன்னன் பிடில் வாசித்தானா?

“ரோம் நகரம் எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தான்.” பொறுப்பில் உள்ளவர்கள் கடமையை மறந்தால், நம் மேடைகளிலும் நாளிதழ்களிலும் உடனே வந்து விழும் வரி இது. வகுப்பில் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சரி, உண்மையிலேயே வாசித்தானா? கொஞ்சம் பார்ப்போமே.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். நீரோ கி.பி. 37இல் ஆண்டியம் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவன். அவன் தாய் அக்ரிப்பினா, பேரரசர் கிளாடியஸை மணந்து, மகனை அவருக்குத் தத்துப்பிள்ளை ஆக்கினாள். 54இல் கிளாடியஸ் இறந்ததும், பதினாறு வயதுப் பையன் கையில் பேரரசு வந்து சேர்ந்தது.

அவனுக்கு வாய்த்த ஆசிரியரோ தத்துவ அறிஞர் செனெக்கா. இரண்டு கொள்ளையர்களைக் கொல்லும் ஆணையில் கையெழுத்துப் போட வேண்டி வந்தபோது, ‘எனக்கு எழுதவே தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா’ என்ற பொருளில் நீரோ வருந்தினானாம். இதைப் பெருமையோடு எழுதிவைத்தவர் செனெக்காதான். அதே மாணவன் 59இல் பெற்ற தாயையே ஆள் விட்டுக் கொன்றான். 62இல் மனைவி ஒக்டேவியாவைக் கொல்லச் செய்தான். 65இல், சதியில் பங்கு உண்டு என்று சொல்லி, தன் ஆசிரியரையே தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டான்.

இப்படிப்பட்டவன் ஊர் எரியும்போது பிடில் வாசித்திருக்க மாட்டானா என்று நமக்குத் தோன்றும். இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

64ஆம் ஆண்டு ஜூலை மாதம், தேர்ப்பந்தயத் திடலை ஒட்டிய கடைகளில் தீ பிடித்தது. ஆறு நாள் எரிந்து அடங்கி, மறுபடியும் மூண்டது. ரோமின் 14 வட்டாரங்களில் மூன்று தரைமட்டம், ஏழு பெருஞ்சேதம், தப்பியவை நான்குதான். அப்போது நீரோ ரோமில் இல்லை, ஆண்டியத்தில் இருந்தான். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான். தானிய விலையைக் குறைத்தான். இதைச் சொல்பவர் நீரோவைக் கொஞ்சமும் பிடிக்காத வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். ஆகவே இதை நம்பலாம். பிடில் என்று நாம் சொல்லும் வயலின் 16ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. நீரோ வாசித்தது யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவி.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? நகரம் எரிந்தபோது மன்னன் டிராய் நகரின் அழிவைப் பாடினான் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். டாசிட்டஸ் அதை வதந்தி என்றே குறிக்கிறார். பின்னால் வந்த சூட்டோனியஸ் நடந்த செய்தியாகவே எழுதிவிட்டார். பார்த்தீர்களா, வதந்தி வரலாறாகும் விதத்தை!

எரிந்த இடத்தில் நீரோ தனக்குப் ‘பொன்மாளிகை’ கட்டத் தொடங்கியதும் பேச்சு இன்னும் முற்றியது. இவனே தீ வைக்கச் சொல்லியிருப்பான் என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நிவாரணம் கொடுத்துப் பார்த்தான், தெய்வங்களுக்குப் பூசை செய்து பார்த்தான், பேச்சு அடங்கவில்லை. கடைசியில் பழியைத் தூக்கிக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டான். அன்று அவர்கள் சிறு கூட்டம், ஊராரின் வெறுப்புக்கு ஆளானவர்கள், கேட்க நாதியில்லை. விலங்குத் தோல் போர்த்தி நாய்களை ஏவிக் கடிக்கவிட்டார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இரவில் விளக்காக எரியவிட்டார்கள். கிறிஸ்தவர்களை வெறுத்த டாசிட்டஸே, இதைக் கண்ட மக்கள் இரக்கப்பட்டார்கள் என்று எழுதுகிறார்.

68இல் செனட் சபை நீரோவை நாட்டின் எதிரி என்று அறிவித்தது. தப்பி ஓடியவன் தற்கொலை செய்துகொண்டான். வயது 30.

ஆக, பிடில் கதை பொய். ஆனால் நீரோ நிரபராதி அல்லன். வாசிக்காத பிடிலுக்காக இரண்டாயிரம் ஆண்டுகளாக அவனை ஏசுகிறோம். எளியவர்கள் தலையில் பழியைக் கட்டிக் கொன்றதையோ பலர் அறியவே இல்லை. அடுத்த முறை வகுப்பில் இந்த வரி வரும்போது, மாணவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: தீ வைத்தவர் யாரென்று தெரியாதபோது, ஊர் யாரைக் கைகாட்டும்? ஏன்? பதில் ரோமிலேயே நின்றுவிடாது.