ஓட்டோ வேண்டாம், நடக்கிறம்: நெடுந்தீவில் ஒரு நாள்

நெடுந்தீவு இறங்குதுறையில் கால் வைத்ததும் வருகிற முதல் கேள்வி, “ஓட்டோ வேணுமோ தம்பியவை?” வேண்டாம் அண்ணை, நடக்கப்போறம் என்றோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “இந்த வெயிலுக்கையோ?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓகஸ்ட் மாதம், தீவு காய்ந்து கிடந்தது. ஓட்டோ பிடித்தால் மூன்று மணித்தியாலத்தில் கோட்டை, பெருக்கமரம், வளரும் கல், குதிரை எல்லாவற்றையும் ‘முடித்துவிட்டு’ பின்னேரப் படகைப் பிடிக்கலாம். யூரியூப்பில் நாங்கள் பார்க்கிற நெடுந்தீவும் அதுதான். ட்ரோன் மேலே போகும், கீழே குதிரை ஓடும், பின்னால் ஒரு குரல் ‘மனிதக் கை படாத தீவு’ என்று சொல்லும்.

நான்கு பேர் ஒரு பகல் முழுக்க நடந்ததில் எனக்குப் பிடிபட்ட விசயம் ஒன்றுதான்: அந்த வசனம் முழுப் பொய்.

வேலியிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் கிடுகு, பனையோலை, கிளுவை, பூவரசு. நெடுந்தீவில் கல். முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் காற்று ஊடறுத்துப் போய்விடும், வேலி நிற்கும். வளவுக்கும் அதுதான், தோட்டத்துக்கும் அதுதான், ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் அதுதான். இங்கே மண் மெல்லிய படை. கொஞ்சம் கிண்டினால் கல் வந்துவிடும். கல்லைப் பொறுக்கினால்தான் பயிர் வைக்க இடம் கிடைக்கும். பொறுக்கின கல்லை எங்கேயாவது வைக்கவும் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு வேலியும் ஒரு தோட்டம் உண்டான கணக்கு. ஓட்டோவில் போனால் சாம்பல் கோடாக ஓடி மறைந்துவிடும். நடந்தால் கை வைத்துப் பார்க்கலாம். கல்லுக்குள்ளே பவளப் பூச்சிகள் கட்டின அறைகள்கூடத் தெரியும்.

இங்கிலாந்தின் லேக் டிஸ்ரிக்ற் பகுதிக்கு வருசாவருசம் சனம் நடக்கவென்றே போகிறது. ஏரியும் மலையும் மட்டுமல்ல, மலைச்சரிவெல்லாம் ஓடுகிற சாந்தில்லாத கல்மதில்களும் அந்த அழகில் பாதி. 2017இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியபோது வெறும் இயற்கை என்று பதியவில்லை. மனிதரும் நிலமும் சேர்ந்து உண்டாக்கிய பண்பாட்டு நிலக்காட்சி என்றே பதிந்தது. எங்களிடம் மலை இல்லை, பெரிய ஏரியும் இல்லை. மதில் இருக்கிறது. பல இடங்களில் சரிந்து கிடக்கிறது, எடுத்து அடுக்க ஆள் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு, திறந்த வெளியில் குதிரைகளைக் கண்டோம். காட்டுக்குதிரை என்று எழுதுகிறார்கள். அவை காட்டுக்குதிரை அல்ல, வேலை போன குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்ப்பைத் தொடர்ந்து நடத்தினார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரி பொறுப்பில் இருந்தார். பின்னர் அந்தத் தொழிலே கைவிடப்பட்டது. குதிரை மட்டும் மிஞ்சியது. 2015இல் இங்கே ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கடும் வறட்சி வந்தால் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் சாகின்றன.

தீவுகளுக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு ஐரோப்பியரோடு தொடங்கியதும் இல்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை. பொலன்னறுவையில் இருந்த சிங்கள அரசன், ஆனால் மொழி தமிழ். (இந்த ஒரு வரியை யோசித்தாலே இரண்டு பக்கத்துச் சண்டைக்காரருக்கும் தலையிடி வரும்.) வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிப் பாதி. இதுதான் சாரம். குதிரை கொண்டுவருகிறவனுக்குச் சலுகை! காப்புறுதி மாதிரி.

ஊர்காவற்றுறைக்கு ‘கயிற்ஸ்’ என்ற பெயர் வந்ததும் இந்த வியாபாரத்தால்தான். யானை ஏற்றும் துறை என்று போர்த்துக்கேயர் சொன்னதில் துறையைக் குறிக்கிற சொல் மட்டும் தங்கிவிட்டது. ஒல்லாந்தர் ஒருபடி மேலே போய், தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. டெல்ஃப்ற் மட்டும் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டது. அதுவும் ஆங்கிலத்தில்தான், படகில் ஒருவரும் டெல்ஃப்ற் என்று சொல்லி நான் கேட்கவில்லை.

இன்றைக்கு நாங்கள் ‘ஒதுக்குப்புறம்’ என்கிற இந்த இடம் ஒருகாலத்தில் வாசல். கடல் அப்போது றோட்டு. அந்த றோட்டு எப்போது பயமானது என்பதற்கு நெடுந்தீவுக்காரர் ஒரு திகதி சொல்வார்கள்.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, உள்ளே இருந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை சொன்னது. ஊர் நினைவுகூரும் எண்ணிக்கை அதைவிடக் கூட. உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நாங்கள் காலையில் வந்த பாதையும் அதே கடல்தான்.

அதற்குப் பிறகு 1990, 91இல் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது பெரும் இடப்பெயர்வு. பஸ்ஸில் வரும்போது புங்குடுதீவில் கூரையில்லாத கல்வீடுகளைப் பார்த்து “சூப்பர் லொகேசன் மச்சான்” என்று படம் எடுத்தவன் நான்தான். அந்த வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் இப்போது ரொறன்ரோவிலோ பரிசிலோ இருக்கக்கூடும். வெறுமையையும் ஆட்கள்தான் உண்டாக்கியிருக்கிறார்கள்.

பின்னேரம் துறைக்குத் திரும்பியபோது கால் பொங்கியிருந்தது. நினைவுத்தூபிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். படகில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, மறுநாள் யாழ்ப்பாணத்தில் கிளினிக் என்று மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். எங்கே போனீங்கள் என்று கேட்டார். வேலி பார்த்தோம் என்றேன்.

“வேலியோ?” என்று சிரித்தார். “எங்கடை வளவு வேலியும் விழுந்துபோய்க் கிடக்கு. வந்தனீங்கள், அதையும் அடுக்கிப்போட்டுப் போயிருக்கலாமே.”