விமான விபத்துகள் அதிகரித்து வருகின்றனவா?

பயணிகள் விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி, விமான விபத்துகள் பெருகி வருகின்றனவா என்பதாகும். அண்மையில் இக்கேள்வி வலுவாக எழுந்தது. 2024 டிசம்பர் 25 அன்று அசர்பைஜான் ஏர்லைன்ஸ் விமானம் கஜகஸ்தானில் விழுந்து 38 பேர் இறந்தனர். நான்கு நாட்களில் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் நகரில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதியதில் 67 பேர் உயிரிழந்தனர். ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்ததில் விமானத்தில் இருந்த 241 பேரும் தரையில் இருந்த பலரும் மாண்டனர். ஆறு மாதங்களுக்குள் இத்தனை செய்திகளைக் கண்டவர்கள், விமானப் பயணம் முன்பைவிட ஆபத்தாகிவிட்டது என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் நீண்ட காலப் பதிவுகள் இதற்கு நேர்மாறான விடையைத் தருகின்றன.

எண்ணிக்கையும் விகிதமும்

விபத்துகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஆபத்தை அளவிட முடியாது. எத்தனை பயணங்களுக்கு எத்தனை உயிரிழப்பு என்பதே சரியான அளவுகோல். 1970 இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 31 கோடி விமானப் பயணங்கள் நடைபெற்றன. 2019 இல் அது ஏறத்தாழ 450 கோடியாக உயர்ந்தது. பயணம் பதினான்கு மடங்கு பெருகியும் உயிரிழப்பு அவ்வாறு பெருகவில்லை, மாறாகக் குறைந்தது. 1972 ஆம் ஆண்டில் மட்டும் விமான விபத்துகளில் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2017 இலோ, உலகில் எங்கும் பயணிகள் ஜெட் விமானம் ஒன்றுகூட விழுந்து உயிரிழப்பு நேரவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட்டும் அவருடைய சக ஆய்வாளரும் 2024 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1968 முதல் 1977 வரை 3.5 லட்சம் பயணங்களுக்கு ஒரு பயணி இறந்தார். 1998 முதல் 2007 வரை இது 27 லட்சம் பயணங்களுக்கு ஒருவர் என்று குறைந்தது. 2018 முதல் 2022 வரையிலான காலத்தில் 1.37 கோடி பயணங்களுக்கு ஒருவர் என்ற நிலை ஏற்பட்டது.

விபத்துகள் தந்த பாடங்கள்

இந்த முன்னேற்றம் தானாக வந்ததன்று. பெரும்பாலும் ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்குப் பின்னாலும் ஒரு விபத்து உண்டு.

உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான பிரித்தானியாவின் காமெட், 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலிக் கடற்பகுதியில் நடுவானில் சிதறியது. விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் மாறிமாறி ஏற்பட்ட காற்றழுத்தத்தால் உலோகம் சோர்ந்து பிளந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதன்பின் விமான உடற்பகுதியின் வடிவமைப்பும் சோதனை முறையும் மாறின. காமெட் விசாரணையில் ஈடுபட்ட ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன், விமானி அறைப் பேச்சைப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். இவருடைய தந்தை 1934 இல் நேர்ந்த விமான விபத்தில் இறந்தவர். கருப்புப் பெட்டி என்று இன்று அறியப்படும் கருவியின் தொடக்கம் இதுவே.

1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் கே.எல்.எம். விமானமும் பான் அம் விமானமும் மோதி 583 பேர் இறந்தனர். விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிகப்பெரிய விபத்து இது. மூடுபனியில், அனுமதி பெறாமலே கே.எல்.எம். தலைமை விமானி புறப்படத் தொடங்கினார். எதிரிலிருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் ஐயம் எழுப்பியும் அது பொருட்படுத்தப்படவில்லை. இவ்விபத்துக்குப் பின் வானொலி உரையாடலுக்கான சொற்கள் வரையறுக்கப்பட்டன. மூத்தவர் தவறினால் இளையவர் தயங்காமல் எடுத்துச் சொல்லவும், அதற்கு மூத்தவர் செவிசாய்க்கவும் பயிற்சி அளிக்கும் முறை உலகெங்கும் பரவியது.

1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரியில் சவூதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. இதையடுத்து, எதிரே வரும் விமானத்தைப் பற்றி விமானிக்கு எச்சரிக்கை தரும் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. டெல்லியில் வரும் விமானங்களுக்கும் புறப்படும் விமானங்களுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன.

விசாரணையின் நோக்கம்

இப்பாடங்கள் உலக நாடுகளுக்குப் பொதுவாவதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. 1944 இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 13 ஆம் பிற்சேர்க்கை, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மறுபடி விபத்து நேராமல் தடுப்பதே என்றும், பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அன்று என்றும் கூறுகிறது. தண்டனைக்கு அஞ்சி உண்மையை மறைப்பவர் இருந்தால் அடுத்த விமானத்தைக் காக்க முடியாது என்பதே இதன் அடிப்படை.

பின்னடைவுகள்

பாதுகாப்பு என்பது ஒருமுறை அடைந்துவிட்டால் நிலைத்து நிற்பதன்று. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் போயிங் 737 மேக்ஸ் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். ஒரே ஓர் உணரி தந்த தவறான தகவலை நம்பி, விமானத்தின் முகப்பைத் தானாகக் கீழ்நோக்கித் தள்ளிய மென்பொருளே முதன்மைக் காரணிகளுள் ஒன்றாக இருந்தது. அந்தப் பாடம் உடனே செயலாகவில்லை. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து மேலும் 157 பேர் இறந்த பிறகே அவ்வகை விமானங்கள் உலகெங்கும் நிறுத்தப்பட்டன.

ஆபத்து எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இல்லை என்பதையும் பார்னெட்டின் ஆய்வு காட்டுகிறது. போர்ப் பகுதிகளில் பறப்பது மற்றோர் ஆபத்து. 2014 இல் கிழக்கு உக்ரைன் மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தில் 298 பேர் இறந்தனர்.

முடிவாக

எனவே, விமான விபத்துகள் பெருகவில்லை, அவை அரிதாகியுள்ளன. அரிதானதாலேயே ஒவ்வொன்றும் பெருஞ்செய்தியாகிறது. அகமதாபாத் காட்சிகளைப் போல, சில நிமிடங்களில் கைபேசிக்கு வந்து சேர்கிறது. ஆபத்து மிகக் குறைவாக இருப்பதால் ஒரு மோசமான ஆண்டு போக்கையே மாற்றிவிட்டதாகத் தோன்றலாம். பத்தாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலை புலப்படும். அதே வேளையில், குறைந்துவரும் விகிதம் எதிர்காலத்துக்கான உறுதிமொழி அன்று. ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் மறைக்காமல் கண்டறிந்து, அடுத்த விமானம் புறப்படும் முன்பே திருத்திக்கொள்ளும் வரைதான் அது குறையும்.