அம்பாறை ‘மலட்டு மாத்திரை’ வதந்தியும் ஆதார மதிப்பீடும்

அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், சிங்களவரை மலடாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்படுவதாக 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு வதந்தி கிளம்பியது. கடை உடைக்கப்பட்டது. நகரப் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. புலனாய்வில் ஆதாரத்தை எப்படி எடைபோடுவது என்பதற்கு இது தெளிவான ஓர் எடுத்துக்காட்டு.

வதந்திக்குத் துணைநின்றது கைபேசியில் எடுத்த ஒரு காணொளி. சாப்பாட்டில் கிடந்த கட்டியைக் காட்டி, சூழ்ந்து நின்றவர்கள் சிங்களத்தில் கேட்கிறார்கள். அம்மொழி சரிவரத் தெரியாத கடைக்காரர் ஆமென்பதுபோல் பதில் சொல்கிறார். காணொளி போலியல்ல. ஆனால் மிரண்டுபோன ஒருவர் சரியாக விளங்காத கேள்விக்கு ஆம் என்றார் என்பதற்கு மட்டுமே அது சான்று. கட்டி என்னவென்று சொல்லும் தகுதி ஆய்வுகூடத்துக்கே உண்டு. அது வெறும் மாவுக்கட்டி என்றது அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது.

அடுத்த வாரம் கண்டி, திகனையில் வன்முறை வெடித்தது. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. திகனை வன்முறையின் உடனடிக் காரணம் வேறு: தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவரின் மரணம். அம்பாறையே திகனையை மூட்டியது என்று ஒரே வரியில் எழுதிவிடுவதும் ஆதாரப் பிழைதான். இந்த வன்முறையின்போது வெறுப்பைப் பரப்பத் தன் தளம் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு, ஒரு செய்தியை ஏற்குமுன் அது யாரிடமிருந்து வந்தது என்று சோதிப்பது புதிதல்ல. நபிமொழிகளை ஆராயும் ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரான இஸ்னாதும் செய்தியான மத்னும் தனித்தனியே ஆராயப்படும். தொடர் அறுந்தாலோ அறிவிப்பாளர் நம்பத்தகாதவரானாலோ அது ளயீப், அதாவது பலவீனமானது. ஆயிரம் பேர் பகிர்ந்த செய்தியும் ஒருவரிடமே போய் முடிந்தால் சாட்சி ஒன்றுதான்.

அச்சேறிவிட்டதால் ஒரு செய்தி ஆதாரமாகிவிடாது. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று 2019 மே 23இல் திவயின நாளிதழ் முதற்பக்கத்தில் எழுதியது. குற்றத்துக்குச் சான்று இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அடுத்த மாதமே நீதிமன்றில் கூறியது.

மேற்கோள் காட்டும்போது, ‘கடைக்காரர் ஒப்புக்கொண்டார்’ என்று எழுதக் கூடாது. ‘ஒப்புக்கொள்வதுபோல் ஒரு காணொளி காட்டியது’ என்றே எழுத வேண்டும். எடுத்தவர் யார், எப்போது, எந்த மொழியில், முதலில் எங்கே வெளியானது என்பவையும் சேர வேண்டும். பொலிஸ் பதிவையும் நீதிமன்ற ஆவணத்தையும் திகதியோடு தருவது முறை. அரச அலுவலக ஆவணங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும்.