பொம்மைத் தலைக்கு உள்ளேயும் பக்கத்திலும்: வேஷம் கட்டும் வேலையின் கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுல ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரு வேலையோட வரலாறு மட்டும்தான். தீம் பார்க்குல பெரிய பொம்மைத் தலையை மாட்டிக்கிட்டு குழந்தைகளுக்குக் கை கொடுக்கிறவங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அவங்க பக்கத்துல சாதா யூனிஃபார்ம்ல இன்னொருத்தர் நிப்பார். அவரை நீங்க கவனிச்சிருக்க வாய்ப்பில்லை. உங்க ஃபோட்டோவுல அவர் இருக்க மாட்டார். அந்த ஃபோட்டோவை எடுத்துக் கொடுத்ததே பல நேரம் அவராத்தான் இருக்கும்.

காலேஜ் படிக்கும்போது ரெண்டு கோடை லீவுல நான் அந்த 'பக்கத்துல நிக்கிற' வேலை பார்த்தேன். சென்னையை ஒட்டின ஒரு பார்க். பேர் வேண்டாம். அங்க ஒரு கரடி இருந்துச்சு. கரடிக்கு நான்தான் கண்ணு, நான்தான் வாய்.

இது அலங்காரத்துக்குச் சொல்றதில்லை. பொம்மைத் தலைக்குள்ள இருக்கிறவருக்கு பார்வை கரடியோட வாய் வழியா மட்டும்தான், அதுவும் ஒரு வலைத்துணிக்குப் பின்னாடி. காலுக்குக் கீழ எதுவும் தெரியாது. முட்டி உயரத்துல ஓடி வர்ற குழந்தை தெரியாது, படிக்கட்டு தெரியாது. அவர் பேசவும் கூடாது. அதனால நாங்களே ஒரு பாஷை வெச்சிருந்தோம். முதுகுல ஒரு தட்டுன்னா முன்னாடி குழந்தை. ரெண்டு தட்டுன்னா நில்லு, படி வருது. அவர் என் மணிக்கட்டைப் பிடிச்சு அழுத்தினா, "அண்ணே, முடியல, உள்ள கூட்டிட்டுப் போங்க"ன்னு அர்த்தம். நான் உடனே கூட்டத்தைப் பார்த்து, "கரடிக்குப் பசிக்குது, சாப்பிட்டுட்டு வந்துரும்"னு சொல்லுவேன். குழந்தைங்க டாட்டா காட்டும். கதவு மூடினதும் தலையைக் கழட்டினா உள்ளேயிருந்து 19 வயசுப் பையன் ஒருத்தன், சட்டை பிழியப் பிழிய வேர்வையோட வெளிய வருவான்.

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தப்போ எனக்கு வந்த கேள்விதான் இந்த எபிசோடு: வேஷம் போட்டு மத்தவங்களை மகிழ்விக்கிற வேலை நம்ம ஊருக்குப் புதுசா? இல்லைன்னா, எது புதுசு?

கோம்பையில் சாமி கும்பிடு

நான் வளர்ந்தது தேனி மாவட்டம் கோம்பையில. உத்தமபாளையம் தாலுகா. 'கோம்பை நாய்'னு ஒரு வேட்டை நாய் இனம் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தக் கோம்பைதான். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற பேரூர். அண்ணாந்து பார்த்தா மேல ராமக்கல்மேடு, அது கேரளா.

எங்க பக்கம் திருவிழான்னு சொல்றதை விட 'சாமி கும்பிடு'ன்னுதான் சொல்லுவோம். சாமி கும்பிடுன்னா ராத்திரி கரகாட்ட செட்டு வரும். கரகம் ஆடுறவங்க மட்டும் வர மாட்டாங்க. பொய்க்கால் குதிரை ராஜா ராணி, மயிலாட்டம், சில நேரம் கரடி வேஷமும் சேர்ந்து வரும். கூடவே நையாண்டி மேளம்: நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு.

உங்கள்ல பல பேர் இந்த உலகத்தைப் பார்த்தது 1989-ல வந்த 'கரகாட்டக்காரன்' படத்துலதான். அதை எடுத்த கங்கை அமரன், இசையமைச்ச இளையராஜா ரெண்டு பேருக்கும் ஊர் பண்ணைப்புரம். எங்க ஊருக்குப் பக்கத்து ஊர். வாழைப்பழ காமெடி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா அந்தக் காமெடியில இருக்கிற ரெண்டு பேரும் அந்தக் குழுவுல யாருன்னு யோசிச்சிருக்கீங்களா? கவுண்டமணி தவில்காரர், செந்தில் நாதஸ்வரக்காரர். ஆடுறவங்க இல்ல, ஆடுறவங்க பக்கத்துல நிக்கிறவங்க.

நிஜ ஆட்டத்துலயும் அவங்க வேலை வாசிக்கிறதோட முடியாது. தலையில கரகத்தோட ஆடுறவங்க கண்ணு மேளக்காரர் மேலதான் இருக்கும். ஆடுறவங்க மூச்சு வாங்குறது தெரிஞ்சா தவில்காரர் ஒரு நையாண்டிப் பேச்சை ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஓய்வு வாங்கிக் கொடுப்பார். குடிச்சுட்டு மேடை கிட்ட வர்ற ஆளை மைக்குல கிண்டல் பண்ணியே திருப்பி அனுப்புவார். "கரடிக்குப் பசிக்குது"ன்னு நான் சொன்னதும் இதே வித்தைதான், அது அப்ப எனக்குத் தெரியல.

சாமிக்கு நேந்துக்கிட்டவங்களுக்கும் இப்படித்தான். தேனிக்குப் பக்கத்துல வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போனா, அக்னிச்சட்டி எடுத்துட்டு வர்றவங்க தனியா வர மாட்டாங்க. அண்ணனோ, மச்சானோ, அம்மாச்சியோ கூடவே நடந்து வந்து சூடான ரோட்டுல தண்ணி ஊத்திக்கிட்டே வருவாங்க. அதே திருவிழாத் திடல்லதான் ராட்டினமும் சுத்தும். எங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்கு முதல் தீம் பார்க் அதுதான். மதுரை பரவையில இருக்கிற அதிசயம் எல்லாம் அப்புறம் வந்தது.

பழைய வேஷங்கள்

இது எவ்வளவு பழசு? சிலப்பதிகாரத்துல, கடலாடு காதையில, மாதவி ஆடின 11 ஆடல்கள் பத்தி வருது. அதுல ஒண்ணு மரக்கால். அசுரர்கள் பாம்பாவும் தேளாவும் மாறி வந்தப்போ, கொற்றவை மரக்கால் கட்டிக்கிட்டு அவங்களை மிதிச்சு ஆடினதா கதை. இன்னொண்ணு பாவை. அசுரர்களை மயக்கி விழவைக்க திருமகள் பொம்மை வடிவத்துல ஆடினது. பொம்மையா மாறி ஆடுறது நம்ம மரபுல கடவுளே செஞ்ச வேலை.

இப்ப தெற்கே போவோம், தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசரா. விரதம் இருந்து, காப்பு கட்டி, ஆயிரக்கணக்கான பேர் வேஷம் போடுறாங்க: காளி, குரங்கு, குறவன், குறத்தி, போலீஸ் வரைக்கும். குழுகுழுவா ஊர் ஊராப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசி நாள் கடற்கரையில சூரசம்ஹாரத்துக்குக் கூடுறாங்க.

காளி வேஷத்துல இருக்கிறது யாருன்னு அந்தத் தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன். நேத்து வரைக்கும் டீக்கடையில பார்த்த ஆள். ஆனா இன்னைக்கு அவர் வாசல்ல வந்து நின்னா பெரியவங்க கூட "அம்மா"ன்னு கும்பிட்டு விபூதி வாங்குறாங்க. உள்ள யார் இருக்காங்கன்னு தெரிஞ்சதால நம்பிக்கை குறையவே இல்லை. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க.

1955, கலிஃபோர்னியா

1955 ஜூலை 17. அனஹெய்ம்ல டிஸ்னிலேண்ட் திறக்கிறாங்க. அன்னைக்கு மிக்கியா வந்தவங்க போட்டிருந்த உடை டிஸ்னிலேண்டுக்காகத் தைச்சதே இல்லை. 'ஐஸ் கேப்பேட்ஸ்'னு பனிச்சறுக்கு நிகழ்ச்சி நடத்தின கம்பெனிக்கிட்ட இருந்து கடன் வாங்கினது. அந்தப் பழைய ஃபோட்டோக்களைப் பார்த்தா மிக்கி கொஞ்சம் பயமாவே இருக்கும்.

போகப்போக இது ஒரு பெரிய தொழிலா மாறுச்சு, விதிகளும் வந்துச்சு. அதுல முக்கியமானது, உள்ள யார் இருக்காங்கன்னு வெளிய தெரியவே கூடாது. அங்க வேலை பார்க்கிறவங்க "நான் மிக்கி"ன்னு சொல்ல மாட்டாங்க, "நான் மிக்கியோட ஃப்ரெண்ட்"னு சொல்லுவாங்க.

குழந்தையோட கனவு உடையக்கூடாதுன்னு காரணம் சொல்லுவாங்க. அதுல உண்மை இருக்கு. மூணு வயசுக் குழந்தை முன்னாடி கரடித் தலையைக் கழட்ட எனக்கும் மனசு வராது. ஆனா குலசேகரன்பட்டினம் சொல்றது வேற. ஆள் யாருன்னு தெரிஞ்சாலும் வேஷம் வேலை செய்யும். அப்போ இந்த ரகசியத்தால இன்னும் யாருக்கு லாபம்?

மிக்கி ஒரு சொத்து. 1928-ல வந்த 'ஸ்டீம்போட் வில்லி' மிக்கிக்கு அமெரிக்காவுல காப்புரிமை முடிஞ்சது 2024 ஜனவரி 1-லதான். 95 வருஷம்! சொத்து கம்பெனியோடது. உள்ள இருக்கிற ஆள் காலையில ஒருத்தர், சாயந்தரம் இன்னொருத்தர். பேர் தெரியாத ஆளை மாத்துறது சுலபம். பொய்க்கால் குதிரைக்காரருக்குக் குதிரை அவரோடது. பார்க்கிறவங்களும் "இந்த வருஷமும் அந்த ஆளையே கூப்பிடுங்கப்பா"ன்னு கேப்பாங்க. என் கரடிப் பையனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கிராமத்துப் பக்கம் எல்லாம் பொற்காலம்னு சொல்ல வரல. குதிரை அவரோடதுன்னா உடைஞ்சா செலவும் அவரோடதுதான். சீசன் முடிஞ்சா வருமானம் இல்லை. கலைஞர்களைச் சாதி பார்த்துத் தள்ளி உட்கார வெச்ச ஊருங்க உண்டு. கரகம் ஆடுற பெண்கள் மேடையில பட்ட அசிங்கங்களும் கொஞ்சநஞ்சமில்லை. பேர் தெரிஞ்சிருந்ததே தவிர, அந்தப் பேருக்கு எப்பவும் மரியாதை இருந்துச்சுன்னு சொல்ல முடியாது.

சிரிக்காத மனுஷன்

சென்னைக்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பத்திப் பேசாம இந்தக் கதை முடியாது. ஈ.சி.ஆர்ல விஜிபி கோல்டன் பீச்சோட சிலை மனிதர். காவலர் உடையில, மீசையோட, அசையாம நிப்பார். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர்களைப் பார்த்து வந்த யோசனைன்னு சொல்லுவாங்க. அவரைச் சிரிக்க வைக்க ரெண்டு மூணு தலைமுறை முயற்சி பண்ணியிருக்கு. முகத்துக்கு நேரா ஆடுவோம், பாடுவோம், கேலி பண்ணுவோம்.

2020-ல அவர் கொரோனாவுல இறந்துட்டார்னு ஒரு வதந்தி வாட்ஸ்அப்ல சுத்துச்சு. அப்புறம் அது பொய், அவர் நல்லா இருக்கார்னு செய்தி வந்துச்சு. அந்த ஒருநாள் மட்டும் ஊரே அவரை மனுஷனா நினைச்சுப் பார்த்துச்சு: அவருக்குக் கால் வலிக்காதா, கொசு கடிச்சா என்ன பண்ணுவார்னு.

உடம்புக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவுல அந்தக் கேள்வியை வேலை பார்க்கிறவங்களே கேட்டாங்க. ஃப்ளோரிடாவுல வால்ட் டிஸ்னி வேர்ல்டுல வேஷத்துக்கு அடியில போடுற உள்ளாடைகளைப் பல பேர் மாத்தி மாத்திப் போட வேண்டியிருந்துச்சு. சிரங்கு, பேன்னு புகார் வந்துச்சு. 2001-ல டீம்ஸ்டர்ஸ் யூனியன் பேசித்தான், ஆளுக்குத் தனி உள்ளாடை, வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைச்சுக்கலாம்னு முடிவாச்சு. உலகத்துலயே பெரிய கனவுத் தொழிற்சாலையில இதுக்கு ஒரு ஒப்பந்தம் தேவைப்பட்டுச்சு. 2004 பிப்ரவரியில அதே இடத்துல, புளூட்டோ வேஷத்துல இருந்த 38 வயசு ஊழியர் ஊர்வல வண்டியில சிக்கி இறந்துபோனார். எனக்கு முதுகுல ரெண்டு தட்டுதான் ஞாபகம் வந்துச்சு.

2024 மே மாசம் டிஸ்னிலேண்ட் கலிஃபோர்னியாவுல கேரக்டர், ஊர்வலப் பிரிவு ஊழியர்கள் யூனியனுக்கு ஓட்டுப் போட்டாங்க. ஆதரவு 953, எதிர்ப்பு 258. சுமார் 1,700 பேருக்கு 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' சங்கம் பேசுற நிலை வந்துச்சு. அதுல வேஷம் போடுறவங்க மட்டுமில்ல, அவங்க பக்கத்துல நிக்கிற ஹோஸ்ட்டுகளும் சேர்த்தி. ரெண்டுமே ஒரே வேலைன்னு சட்டப்படி எழுத இவ்வளவு வருஷம் ஆச்சு.

நம்ம ஊர்ல? நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல இருந்து நல வாரியம் இருக்கு. 2021-ல தமிழ்நாடு அரசு கடை ஊழியர்களுக்கு 'உட்காரும் உரிமை'யைச் சட்டமாக்குச்சு. ஜவுளிக்கடை அக்காக்களுக்கு முதன்முதலா சட்டப்படி ஒரு நாற்காலி கிடைச்சுது. டெலிவரி பசங்களுக்கு 2023-ல வாரியம் அறிவிச்சாங்க. ஆனா அதே ஜவுளிக்கடை வாசல்ல மே மாச வெயில்ல மிக்கித் தலையோட ஆடுற தம்பி இதுல எங்க வர்றான்? அவன் கரகக்காரர் மாதிரி கலைஞர் இல்ல. கடைச் சம்பளப் பட்டியல்லயும் பெரும்பாலும் இருக்க மாட்டான், ஈவென்ட் ஆள் ஒருத்தர் நாள் கூலிக்கு அனுப்பியிருப்பார். ஆப் வழியா வேலை எடுக்கிறவனும் இல்ல. முக்கியமா, அவன் பக்கத்துல யாருமே இல்ல. கண்ணும் இல்லாம, வாயும் இல்லாம தனியா நிக்கிறான்.

நூற்றாண்டுக் கணக்கா நம்ம ஊர் வேஷங்களுக்கு ஒரு தவில்காரரோ, தண்ணி ஊத்துற மச்சானோ கூடவே இருந்தாங்க. புதுசா வந்தது வேஷம் இல்ல, பக்கத்துல ஆள் இல்லாத வேஷம்தான்.

அதனால அடுத்த தடவை கல்யாண ரிசப்ஷன்லயோ கடை வாசல்லயோ அப்படி ஒரு பொம்மையைப் பார்த்தா, குழந்தையை முன்னாடி நிறுத்திட்டு, கிட்டப் போய் மெதுவா, "தம்பி, தண்ணி வேணுமா?"ன்னு கேளுங்க. பதில் வராது, பேசக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. தலை ஆடுதான்னு பாருங்க. ஆடுச்சுன்னா, கூட்டத்தைப் பார்த்து "மிக்கிக்குப் பசிக்குதாம்"னு ஒரு வார்த்தை சொல்லி, நிழல்ல ஒரு சேர் இருக்கிற பக்கம் கூட்டிட்டுப் போங்க. கையைப் பிடிச்சுக்குங்க, அவனுக்குப் படி தெரியாது.

உங்க ஊர்ல வேஷம் கட்டுறவங்க, அவங்களோட கூடப் போறவங்க யாராவது இருந்தா அவங்க கதையை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.