மற்றொரு சேலம்

சேலம் என்றதும் நமக்கு மாம்பழமும் சேர்வராயன் மலையும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு. நம் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'அமைதி' எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். ஆயினும் 1692-ஆம் ஆண்டில் அங்கு நடந்த சூனிய வழக்குகள் அப்பெயருக்கே மாசாயின.

அவ்வாண்டின் தொடக்கத்தில், சேலத்தை அடுத்த சிற்றூரில், பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டுச் சிறுமியர் இருவருக்கு இனந்தெரியாத வலிப்புக் கண்டது. சூனியம் என்னும் பேச்சு எழுந்தது. அடிமைப் பெண் டிடூபா, பிச்சையெடுத்துப் பிழைத்த சாரா குட், நோயுற்றிருந்த சாரா ஆஸ்பர்ன் ஆகிய மூவர்மீதே முதலில் பழி விழுந்தது.

மூடநம்பிக்கை எந்த நாட்டில்தான் இல்லை? அதற்கு நீதிமன்றமே இடங்கொடுத்ததுதான் பெருங்கேடு. 'இவளுடைய ஆவியுரு என்னைக் கிள்ளிற்று' என்று ஒருவர் சொன்னால் அதனையும் சான்றாக ஏற்றனர். அவ்வுரு பிறர் கண்ணுக்குப் புலப்படாது. பழிக்கப்பட்டவள் அந்நேரம் தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாள் என்றாலும் பயனில்லை. பொய்யென்று நிறுவவே வழியில்லாத சான்று அது!

இதனினும் கொடுமை ஒன்றுண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அச்சொல்லிலேயே நின்றவர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. மெய்யைக் கைவிடாதவரே மாண்டனர். 71 வயது ரெபெக்கா நர்ஸ் குற்றமற்றவர் என்றே ஜூரிகள் முதலில் கூறினர். நீதிபதிகள் மீண்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லவே, தீர்ப்பு மாறிற்று. ஒரு பொய் சொல்லியிருந்தால் அம்மூதாட்டி பிழைத்திருக்கலாம், சொல்லவில்லை. ஆணும் பெண்ணுமாக 19 பேர் தூக்கிலேறினர். குற்றச்சாட்டுக்கு விடையளிக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்னும் முதியவர் கல்லேற்றி நசுக்கப்பட்டார்.

அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய மன்றம் ஆவியுருச் சான்றை ஏற்க மறுத்தது. பெரும்பாலோர் விடுதலை பெற்றனர். சூனியத்தில் மக்களுக்கிருந்த நம்பிக்கை அதற்குள் அகன்றுவிடவில்லை. சான்றின் அளவுகோல் மாறியதே அவர்களைக் காத்தது. 1697-இல், நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவால் தேவாலயத்தில் அனைவர்முன்னும் எழுந்து நிற்க, பழியைத் தாமே ஏற்கும் அவரது கூற்று வாசிக்கப்பட்டது.

இஃது ஏதோ கடல்கடந்த பழங்கதை என்று நாம் ஒதுக்கலாகாது. நாம் வாழும் இந்நாட்டிலேயே, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில், 'டாயன்' என்று பழிசூட்டிப் பெண்களை வதைக்கும் கொடுமை இன்னும் ஒழிந்தபாடில்லை. ஒருத்தியை அவ்வாறு சுட்டுவதையே குற்றமாக்கிப் பீகார் 1999-இல் சட்டம் இயற்றிற்று. எனினும், கைம்பெண்ணின் காணி நிலத்தின்மீது கண்வைத்தோர்க்கு இப்பழி இன்றும் கருவியாகிறது. ஊரே திரண்டு ஒருத்தியை நோக்கிக் கைநீட்டும்போது, 'சான்று எங்கே?' என்று கேட்க ஒருவரேனும் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.