கணவர் போன மூணாம் நாள் நின்ற வாட்ச்

1/ "சார், அவர் போன மூணாம் நாள் அவர் வாட்ச்சும் நின்னுபோச்சு. ஏதும் தெய்வக்குத்தமா?"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பிரஷர் பார்க்க வரும் ஒரு அம்மா கேட்டார். வளைகுடாவில் வேலை பார்த்த கணவர் வாங்கி வந்த சீக்கோ 5 வாட்ச் அது. அந்தப் பயத்திலேயே தூக்கம் போய், பிரஷரும் ஏறியிருந்தது.

2/ பதில் அந்த வாட்ச்சின் வரலாற்றில் இருக்கு. வாங்க, பார்ப்போம்.

பழைய வாட்ச்சுக்கு தினமும் சாவி கொடுக்கணும். உள்ளே ஸ்பிரிங் சுருளும். அது மெல்ல விரியும் விசையில் முள் ஓடும்.

3/ சாவி கொடுக்கும் திருகு வழியாக தூசியும் ஈரமும் உள்ளே போய் வாட்ச் கெடுவதைப் பார்த்தார் இங்கிலாந்தின் ஜான் ஹார்வுட். தானே சாவி ஏறும் கைக்கடிகாரத்துக்கு 1924-ல் சுவிஸ் காப்புரிமை வாங்கினார்.

உள்ளே ஒரு எடைத் தகடு. கை அசைந்தால் அது ஆடும், ஸ்பிரிங் சுருளும். 1931-ல் ரோலக்ஸ் அந்தத் தகட்டை முழு வட்டமும் சுற்ற வைத்தது. இதுதான் ஆட்டோமேட்டிக்.

4/ 1963-ல் ஜப்பானில் சீக்கோ 5 வந்தது. இங்கே எச்எம்டி காஞ்சன், மாப்பிள்ளைக்குப் போடும் ஆட்டோமேட்டிக் வாட்ச்சாகப் பேர் வாங்கியது.

பிறகு டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களைக் கொண்டுவந்தது. பேட்டரி போட்டால் பீரோவுக்குள் கிடந்தாலும் ஓடும். சாவி என்ற நினைப்பே நமக்கு மறந்துபோச்சு.

5/ ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. கழற்றி வைத்தால் சேர்ந்திருக்கும் விசையில்தான் ஓடும். முழுசாக ஏறியிருந்தால் சுமார் 40 மணி நேரம்.

திங்கள் ராத்திரி கழற்றினால் புதன் மதியம் நிற்கும். எண்ணிப் பாருங்க, மூணாம் நாள்!

6/ பழைய சீக்கோ 5 பலவற்றில் கையால் சாவி கொடுக்க முடியாது. அந்த அம்மாவிடமே கொடுத்து, பக்கவாட்டில் லேசாக அசைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் செகண்ட் முள் நகர்ந்தது.

"குத்தம் ஒண்ணும் இல்லம்மா. கட்டுறதுக்கு கை இல்லாம நின்னுருக்கு. மகனைக் கட்டிக்கச் சொல்லுங்க" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்.

7/ உங்க வீட்டு பீரோவிலும் அப்பாவோ தாத்தாவோ கட்டிய வாட்ச் கிடக்கலாம். நின்றதால் அது கெட்டுப்போகாது. ஆனால் வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். ரிப்பேர்காரரிடம் காட்டிவிட்டு கட்டுங்க.

துக்கத்தில் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையா? அதை மட்டும் பீரோவில் பூட்டி வைக்காதீங்க. டாக்டரிடம் சொல்லுங்க.